தெருவிளக்கு தாமதமான சாயங்காலம்

— மேல பாருன்னு சொன்னன் ரோசம்மா.

— நான் ரோட்டப் பாத்து வர்றங்க. குண்டும் குழியுமாக் கெடக்குது. உங்க கரண்டு ஆளுங்க இன்னம் தெரு லைட்டும் போடல. விழுந்து பல்லு ஒடஞ்சா ஆரு கட்டித் தருவாங்க?

— விழ மாட்ட. என் கையப் புடிச்சுக்க. ரெண்டே நிமிசம் நின்னு பாரு. மழ விட்ட வானம். எங்கியாச்சும் பாத்திருக்கியா இப்படி ஒரு செகப்ப?

— பாத்திருக்கன். மொட்ட மாடியில மொளகாய் காய வெக்கறப்ப.

— அந்தச் செகப்பு இல்ல இது. அடியில பாரு, பழுத்த பப்பாளி. அதுக்கு மேல ரோசாப்பூ. அதுக்கும் மேல கத்திரிப்பூ. நம்ம சாமியாரு பங்களாவுல புதுசா கலர் டிவி வந்திருக்குதே, அதுலகூட இப்படிக் கலரு இல்ல.

— நீங்க பாருங்க. உங்களுக்கு இன்னிக்கு எல்லாமே அழகாத்தான் தெரியும்.

— அது என்னா பேச்சு?

— கல்லறத் திருநாளு இல்லீங்களா. வருசம் ஒருக்கா மொதப் பொண்டாட்டியப் பாத்துட்டு வர்றீங்க. மனசு குளுந்து போயிருக்கும். வானம் அழகாத் தெரியும், ரோடு அழகாத் தெரியும், பஸ் ஸ்டாண்டு சாக்கடைகூட அழகாத்தான் தெரியும்.

— கம்முனு வா. தெருவுல ஆளுங்க போறாங்க.

— போவட்டும், எனக்கென்னா. தெரசாவும் பக்கத்து வூட்டு ராயம்மாக்காவும் முன்னால வூட்டுக்குப் போயிட்டாங்க. அந்தப் புள்ள காதுல விழாது. எனக்கு அது போதும்.

— வேளாங்கண்ணி செத்து எவ்வளவு வருசம் ஆச்சு. அவ மடியில கெடந்த தெரசா இப்ப ஒம்பதாவது படிக்குது. இன்னமும் அவமேல என்னா உனக்குப் பொறாம?

— செத்தவ மேலதாங்க பொறாம வரும். உயிரோட இருக்கற சக்களத்தின்னா நாலு வார்த்த கேப்பன், நாலு வார்த்த வாங்குவன், கொழாயடியில கொடத்த எறக்கி வெச்சுட்டு ஒரு கை பாத்துடுவன். இவகிட்ட என்னாத்தச் சண்ட போடறது? அவளுக்கு நரைக்கறதில்ல. அவ வெச்ச சோறு கொழையறதில்ல, கொழம்புல உப்பு கூடறதில்ல. எனக்குத்தான் எல்லாம் ஆவுது.

— அவ கொழம்புலயும் உப்பு கூடியிருக்குது.

— அத ஒரு நாளும் சொன்னதில்லியே நீங்க.

— செத்துப் போனவளப் பத்தி எப்படிச் சொல்றது?

— அதத்தான் நானும் சொல்றன்.

— சரி, தப்பு என்னுதுதான். இப்ப மேல பாரு. மேகம் நவுருது, கலரு மாறுது. வுட்டா போயிடும் ரோசு.

— இந்தப் பைய ஒரு நிமிசம் புடிங்க.

— எதுக்கு?

— கொடைய விரிக்கறன்.

— மழையே இல்லியே.

— மழைக்கில்ல. இந்த ரோடு நேரா அந்த வானத்தப் பாத்துத்தான் போவுது. நீங்க பாக்கச் சொல்றதப் பாக்காம நடக்கறதுக்கு எனக்கு வேற வழி தெரியல.

— ஊரே சிரிக்கும்.

— சிரிக்கட்டும். கல்லறத் தோட்டத்துல இதே கொடையோட ஓரமா நின்னன். அப்ப ஆரும் சிரிக்கல, பாவமாப் பாத்தாங்க. அதுக்கு இது தேவல.

— உன்ன ஆரு ஓரமா நிக்கச் சொன்னா? பக்கத்துல வர்றதுதானே.

— எங்க வர்றது? நீங்க ஒரு பக்கம் மண்டி போட்டுட்டீங்க. தெரசா ஒரு பக்கம் மண்டி போட்டுது. சாமியாரு தீர்த்தம் தெளிச்சுக்கிட்டே வந்தாரு, குடும்பத்தவங்க கிட்ட வாங்கன்னாரு. நான் வந்தனா இல்லியான்னு நீங்க திரும்பிக்கூடப் பாக்கல. போன வாரம் அந்தக் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிச்சது ஆரு? நல்லம்பள்ளியில கம்பி அறுந்துடுச்சுன்னு நீங்க போயிட்டீங்க. பாசி சொரண்டி, புல்லு செதுக்கி, சிலுவைக்குக் கறுப்பு பெயிண்டு அடிச்சு, அவ பேர எழுத்துக் கூட்டி எழுதினது நானு. இன்னிக்கு அவளுக்கு வெச்ச சாமந்தி என் கையால நட்டது. அரிசி கழுவுன தண்ணி ஊத்தி வளத்தன். மொட்டு வுட்ட நாள்லருந்து ஒரு பூவ என் தலையில வெச்சதில்ல. எல்லாத்தையும் அவளுக்குன்னு வெச்சிருந்து பறிச்சுக் குடுத்தன்.

— தெரியும் ரோசு.

— தெரிஞ்சு? பக்கத்துல நின்ன ராயம்மாக்கா என்னா சொல்லுச்சு தெரியுமா? சின்னப்பராஜு மாதிரி புருசன் கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும், செத்த பெறவும் பொண்டாட்டிய மறக்கலையேன்னுது. என் மூஞ்சியப் பாத்துத்தான் சொல்லுது. நானும் ஆமாங்கக்கான்னு சொல்லிட்டு நின்னன்.

— அந்தம்மாவுக்கு எங்க என்னா பேசறதுன்னு தெரியாது. நாலு ரோடு வரட்டும், மல்லிப்பூ வாங்கித் தர்றன். தலையில வெச்சுக்க.

— வேணாம். இன்னிக்கு என் தலையில பூவப் பாத்தா, கல்லறையில மிஞ்சினத வெச்சுக்கிட்டு வர்றான்னு சொல்வாங்க.

— உன்கிட்ட மனுசன் எப்படித்தான் பேசறது?

— பேசாதீங்க. அவகிட்ட நல்லா பேசினீங்க இல்ல, அது போதும். வாய் அசையறது எனக்குத் தெரிஞ்சுது. செபமில்ல அது. செபம்னா உங்க ஒதடு அப்படி அசையாது. பேசினீங்க, அப்பறம் அழுதீங்க.

— ஆமா, அழுதன்.

— போன வருசம் அழல. அதுக்கு முந்தியும் அழல. இந்த வருசம் என்னா புதுசா? நாள் ஆவ ஆவ மறக்கும்னு எல்லாருக்கும் சொல்வாங்க. உங்களுக்கு நாள் ஆவ ஆவ ஊறுது.

— அது வேற சமாச்சாரம்.

— என்னா வேற?

— சொல்றன். பஸ்ஸு வருது, ஓரமா வா.

— நாலு ரோட்டுலயும் பாருங்க, கடை லைட்டு எரியுது, தெரு லைட்டு மட்டும் எரியல. நம்ம பக்கத்துக்கெல்லாம் சுவிட்சு போடறது அர்ச்சுனந்தானே? பொழுது எறங்கறதுக்கு முந்தியே போட்டுடுவான். இன்னிக்கு எங்கியாச்சும் தண்ணி போட்டுட்டு விழுந்து கெடக்கறானா?

— அவன் மேல ஒரு தப்பும் இல்ல. போடுவான்.

— ஒருத்தர ஒருத்தர் வுட்டுக் குடுக்க மாட்டீங்களே.

— கொடையக் கொஞ்சம் சாய்ச்சுப் பாரேன். இப்ப நல்லா எறங்கிடுச்சு. பென்னாகரம் மலைப்பக்கம் ஒரே தணலா இருக்குது.

— நாளெல்லாம் கம்பத்து மேல ஏறி ஒக்காந்திருக்கற ஆளு நீங்க. உங்களுக்கு வானம் என்னா அதிசயம்?

— கம்பத்துல ஏறினா கம்பிதான் தெரியும். கண்ண அந்தாண்ட இந்தாண்ட திருப்பினா ஆளு போச்சு. இத்தன வருசமா ஊருல எல்லாரையும்விட வானத்துக்குக் கிட்டப் போயி வேல செய்யறன். போன மாசம் வரைக்கும் நிமிந்து பாத்ததே இல்ல.

— பொய்.

— மாதா சத்தியமா.

— சத்தியமெல்லாம் பண்ணாதீங்க. எனக்கு நல்லா நெனப்பு இருக்குது. நமக்குக் கல்யாணம் ஆன புதுசு. ஏரியூருக்கு எங்கப்பன் வூட்டுக்கு விருந்துக்குப் போனம். பொழுது எறங்கற நேரம், கேவுரு கொல்லை வரப்புல ரெண்டு பேரும் நின்னம். இதே மாதிரி செவசெவன்னு இருந்துச்சு. எனக்கு உங்ககிட்ட என்னா பேசறதுன்னே தெரியாது அப்ப. வானம் எவ்வளவு நல்லா இருக்குது பாருங்கன்னன். நானா உங்ககிட்ட வாயத் தொறந்து பேசின மொத வார்த்த அது. நீங்க என்னா சொன்னீங்க?

— என்னா சொன்னன்?

— மறந்துட்டீங்க. நான் மறக்கல. வேளாங்கண்ணி போன அன்னிக்கு இப்படித்தான் இருந்துச்சுன்னு சொல்லிட்டு, விடுவிடுன்னு வூட்டப் பாத்து நடந்துட்டீங்க. நான் வரப்புலயே நின்னன். வானத்தக்கூட அவளுக்கு எழுதி வெச்சுட்டாரேன்னு நெனச்சுக்கிட்டன். அன்னையிலருந்து நான் அந்த நேரத்துக்கு வெளிய வர்றதில்ல. கொடியில காயற துணியக்கூட வெயிலு இருக்கறப்பவே எடுத்துடுவன்.

— நீயுமா பாக்கல?

— அவளுது எனக்கு எதுக்கு?

— இத்தன வருசமா அத மனசுல வெச்சுக்கிட்டா இருக்கற?

— வெக்காம என்னா பண்றது? அவ பொட்டிய வெச்சிருக்கன், அவ சேலைய அந்துருண்ட போட்டு வெச்சிருக்கன், அவ பெத்த புள்ளைக்குச் சடை பின்னி வுடறன். இதையும் வெச்சிருக்கன். வானத்த வுடுங்க, மண்ணுக்கு வாங்க. அந்தக் கல்லு.

— எந்தக் கல்லு?

— தெரியாத மாதிரி கேக்கறீங்க பாருங்க. வேளாங்கண்ணி கல்லறைக்குப் பக்கத்துல நட்டு வெச்சிருக்கீங்களே, அந்தக் கல்லு. அவளப் பொதைச்ச அன்னிக்கே, பக்கத்து எடம் புருசனுக்குன்னு அடையாளம் நட்டது. நம்ம ஆளுங்க வழக்கம், நான் இல்லன்னு சொல்லல. வருசா வருசம் அவ கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கறப்ப அந்தக் கல்லு மேலயும் ரெண்டு இழுப்பு இழுத்து வுடுவன். என் புருசன் படுக்கப் போற எடம், அழுக்காக் கெடக்க வேணாம்னு. என் புத்தியச் செருப்பால அடிக்கணும்.

— ரோசு, கேளு.

— நீங்க கேளுங்க. இன்னிக்கு எல்லாரும் கலைஞ்சு போனப்பறம், நீங்களும் உபதேசியாரு வியாகுலத்தண்ணனும் அந்தக் கல்லுகிட்ட நின்னு பேசினதப் பாத்தன். அவரு அடி மேல அடி வெச்சு எடத்த அளந்தாரு. நீங்க கல்லத் தொட்டுக் காட்டினீங்க. அவரு தலைய ஆட்டினாரு. எடம் பத்தரமா இருக்குதான்னு கேட்டீங்களா? அவகிட்டப் போயிப் படுக்கறதுக்கு அவ்வளவு அவசரமா?

— நீ நெனைக்கற மாதிரி இல்ல.

— பின்ன எப்படி? உங்க கல்லுக்கு அந்தாண்ட இன்னொரு எடம் காலியாக் கெடக்குது, நெருஞ்சி மொளச்சு. அது எனக்கா? அவ ஒரு பக்கம், நடுவுல நீங்க, அப்பறம் நானு. ராசா மாதிரி ரெண்டு பக்கமும் ஆள் வெச்சுக்கிட்டுப் படுக்கலாம்னு பாக்கறீங்க. தெரசா வரும். நாளைக்குப் புருசன் வூட்டுக்குப் போனாலும் கல்லறத் திருநாளைக்கு வந்துடும், நல்ல புள்ள. பெத்தவளுக்கு மெழுகுவத்தி ஏத்தும், பக்கத்துல அப்பனுக்கு ஏத்தும். ரெண்டு பேரையும் பாத்தாச்சுன்னு எந்திரிச்சுப் போயிடும். கடைசியில ஓரத்துல கெடக்கறவள ஆரு பாக்கறாங்க? என் வயித்துல ஒண்ணு தங்கியிருந்தா எனக்குன்னு ஒரு மெழுகுவத்தி ஏத்தும். தங்கல. ஊரே வெளிச்சமா இருக்கற அன்னிக்கு நான் மட்டும் இருட்டுல கெடக்கணும். அத நெனச்சாத்தாங்க எனக்கு வயிறு எரியுது. வேற ஒண்ணும் இல்ல.

— தெரசா உன்னத்தானே அம்மான்னு கூப்பிடுது.

— வூட்டுல கூப்பிடுது. கல்லறத் தோட்டத்துக்குள்ள கால வெச்சா அந்த வாயி அடங்கிப் போவுது. இன்னிக்கு என்கிட்டத் தீப்பெட்டி வாங்கணும். திரும்பிப் பாக்குது, என்னா சொல்லிக் கூப்பிடறதுன்னு தெரியாம முழிக்குது, அப்பறம் தீப்பெட்டி குடுங்கன்னுது. அந்தப் புள்ள மேல எனக்குக் கோவமில்ல. அது என்னா பண்ணும்? அங்க ஒருத்தி படுத்திருக்கறப்ப, அவளுக்கு முன்னாலயே இன்னொருத்திய அம்மான்னு எப்படிக் கூப்பிடும்?

— நில்லு. ரயில்வே கேட்டு போட்டுட்டான். கூட்ஸு வருது போல.

— நிக்கறன். நிக்கறதுக்கு எனக்கென்னா, பழக்கந்தான்.

— ஆரது, சின்னப்பராஜா? ரோசம்மாவும் இருக்குதா. மழையே இல்ல, கொடைய விரிச்சுக்கிட்டு ஆரோ நிக்கறாங்களேன்னு பாத்துக்கிட்டே வந்தன்.

— வாங்க வியாகுலத்தண்ணா. கோயிலப் பூட்டிட்டுக் கெளம்பிட்டீங்களா?

— கெளம்பிட்டன்மா. ஆண்டவர் புண்ணியத்துல எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. சைக்கிள எடுக்கறப்பவே இருட்டிப் போச்சு, தெரு லைட்டு வேற எரியல. ரோசம்மா, உன் சாமந்தி மாதிரி இன்னிக்கு ஒரு கல்லறையிலயும் பூ இல்ல. ஆரு வூட்டுப் பூவுன்னு சாமியாரே கேட்டாரு.

— வேளாங்கண்ணி வூட்டுப் பூவுன்னு சொல்லியிருப்பீங்க.

— சின்னப்பராஜு வூட்டுக்காரம்மா வளத்ததுன்னு சொன்னன். ஏப்பா சின்னப்பா, உன்ன இங்கயே பாத்தது நல்லதாப் போச்சு. நாளைக்குக் காலப் பூசை முடிஞ்சதும் குழி வெட்டற முனியப்பனக் கூட்டிக்கிட்டுப் போயி அந்தக் கல்லப் புடுங்கிடறன். ஆனா ஒண்ணு. புடுங்கின பெறவு மனசு மாறி என் முன்னால வந்து நிக்காத. அந்த எடத்துக்கு நாலு குடும்பம் காத்துக்கிட்டு இருக்குது. ஒருத்தங்களுக்குன்னு சொல்லிட்டா ஆண்டவரே வந்தாலும் மாத்த முடியாது.

— மாற மாட்டன்ணா.

— ராத்திரி பூரா இருக்குது, நல்லா ரோசன பண்ணிக்க. கேட்டு தொறக்கறான். நான் வர்றன்மா. ஆண்டவர் சித்தம்.

— போயிட்டு வாங்கண்ணா. என்னாங்க, எந்தக் கல்ல?

— இவ்வளவு நேரம் நீ சொன்னியே, அந்தக் கல்லத்தான்.

— புடுங்கறதுன்னா?

— புடுங்கறதுன்னா புடுங்கறதுதான். எனக்கு அந்த எடம் வேணாம்னு சொல்லிட்டன். அதுக்குத்தான் வியாகுலத்தண்ணனக் கூட்டிக்கிட்டுப் போயி நின்னன்.

— ஏன்?

— நட ரோசு. பின்னால லாரிக்காரன் ஆரன் அடிக்கறான்.

— சொன்னாத்தான் நடப்பன்.

— தண்டவாளத்தத் தாண்டிட்டுச் சொல்றன், வா. போன மாசம் மழையில ஏரியூர் லைன் போச்சு இல்ல? நானும் அர்ச்சுனனும் போயிருந்தம். ஈரக் கம்பம். மேல போயி கால் வழுக்கிடுச்சு. இடுப்புக் கயிறு புடிச்சுக்கிச்சு, மல்லாக்கத் தொங்கினன். கீழருந்து அர்ச்சுனன் கத்தறான். ஏணிய எடுத்துக்கிட்டு அவன் மேல வர்ற வரைக்கும் அப்படியே கெடந்தன்.

— என்கிட்டச் சொல்லல நீங்க.

— சொன்னா வேலைக்கு வுட மாட்ட.

— தோள்ல காயத்தப் பாத்துக் கேட்டன். சைக்கிள்லருந்து விழுந்தன்னீங்க. மஞ்சப் பத்து போட்டு வுட்டன்.

— பொய்தான் சொன்னன். தொங்கறப்ப கம்பியும் தெரியல, கம்பமும் தெரியல. கண்ணு நெறைய வானந்தான். இதே மாதிரி மழ விட்ட சாயங்காலம். செத்தம்னுதான் நெனச்சன். அப்ப என் மனசுல என்னா ஓடுச்சு தெரியுமா? தூக்கிக்கிட்டுப் போயி அந்தக் கல்லுகிட்டப் பொதைப்பாங்க. எல்லாரும் கிட்ட வந்து ஒரு கை மண்ணு போடுவாங்க. ரோசம்மா மட்டும் கொடைய வெச்சுக்கிட்டு ஓரமா நிக்கும். கிட்ட வான்னு கூப்பிடறதுக்கு நான் இருக்க மாட்டன். அதான் ஓடுச்சு. செபம்கூட வாயில வரல.

— இன்னிக்கும் நீங்க கூப்பிடலியே.

— கூப்பிடல. வேளாங்கண்ணிகிட்ட ஒரு பேச்சு பேச வேண்டியிருந்துச்சு. பக்கத்துல வந்து படுக்கறன்னு அவளக் குழியில எறக்கறப்ப சொன்னன். இனிமே வர மாட்டன், நீ கோவிச்சுக்காதன்னு சொன்னன். உன்ன வெச்சுக்கிட்டு அத எப்படிச் சொல்றது? சொல்லி முடிக்கறதுக்குள்ள அழுக வந்துடுச்சு. அவளும் என்ன நம்பி வந்தவதானே.

— அதுக்கா அழுதீங்க?

— அதுக்குத்தான்.

— அப்ப ஏரியூர்ல என்கிட்டச் சொன்னது?

— அவளப் பொதைச்ச அன்னிக்கு மண்ணத் தள்ளி முடிச்சுட்டு நிமிந்தா, வானம் ஜோடிச்சுக்கிட்டு நிக்குது. எனக்கு ஆத்திரம். வூட்டுல பால்குடி மறக்காத புள்ள அழுதுக்கிட்டுக் கெடக்குது, உனக்கு என்னா இன்னிக்கு அலங்காரம்னு. அதுக்கப்பறம் அந்த நேரத்துல நிமிந்தாலே ஆத்திரந்தான் வரும். ஏரியூர்ல நீ காட்டினப்ப அந்த ஆத்திரத்த உன்மேல காட்டிட்டன். கயித்துல தொங்கினப்பதான் மறுபடி பாத்தன். ஆத்திரம் வரல. உசுரோட எறங்கினா இத ரோசம்மாவுக்குக் காட்டணும்னு நெனச்சன்.

— வானத்தப் பாருங்கன்னு அன்னிக்கு நான் சொன்னதுக்கு இன்னிக்குப் பதில் சொல்றீங்க.

— லேட்டுதான். ஒத்துக்கறன்.

— அந்தா, லைட்டு போட்டுட்டான் அர்ச்சுனன். ஊரு பூரா தடுமாறி வூட்டுக்குப் போனப்பறம் போடறான் பாருங்க.

— அவன வையாத. நான்தான் லேட்டா போடச் சொன்னன்.

— என்னாது?

— காலையிலயே சொல்லி வெச்சுட்டன். நாலஞ்சு நாளா சாயங்காலம் மழ விட்டு வானம் இப்படித்தான் இருக்குது. தெரு லைட்டு எரிஞ்சா பாதி அழகு போயிடும். நானும் உங்க அண்ணியும் கல்லறையிலருந்து ரயில்வே கேட்டு தாண்டற வரைக்கும் போடாதடான்னன். ஆராச்சும் ஆபீசுக்கு எழுதிப் போட்டா மெமோ வருமே அண்ணேன்னான். வந்தா நான் வாங்கிக்கறன்னன்.

— கடவுளே. எனக்காவா இவ்வளவு பேரு இருட்டுல நடந்தாங்க?

— நடந்தாங்க. நீ கொடைக்குள்ள நடந்த.

— இந்தாங்க, இதப் புடிங்க.

— மடக்கிட்டியா?

— எங்க இருந்துச்சுன்னீங்க?

— நேரா எதுக்க. அந்த மலைக்கு மேல.

— ஒண்ணையும் காணமே. கறுத்துப் போச்சே.

— பனமரத்துக்கு எடது பக்கம் பாரு. அடியில கோடு போட்ட மாதிரி.

— இருக்குது. பப்பாளின்னீங்க?

— பப்பாளி போயிடுச்சு. இது கத்திரிப்பூ.

— இதுவும் நல்லாத்தான் இருக்குது. இன்னங் கொஞ்சம் நிக்கலாங்க.

— நாளைக்கும் வானம் இருக்கும். ஆனா நாளைக்கு அர்ச்சுனன் என் பேச்சக் கேக்க மாட்டான்.

— எடுத்தவுடனே சொல்லியிருந்தா நான் கொடையே விரிச்சிருக்க மாட்டன்.

— நீ எங்க சொல்ல வுட்ட?

— அதுவும் சரிதான். கல்லப் புடுங்கிட்டு எங்க எடம் கேட்டீங்க?

— மேக்குச் சுவரு ஓரமா, புங்க மரத்தடியில. உனக்கும் எனக்கும் ஜோடியா. வேளாங்கண்ணி கல்லற அங்கருந்து தெரியக்கூடத் தெரியாது. நீ நிம்மதியா இருக்கலாம்.

— அவ மட்டும் அங்க தனியா?

— அதான் நாலு குடும்பம் கேக்குதுன்னாரே. பக்கத்துல ஆராச்சும் வருவாங்க.

— வர்றவங்க எப்படிப்பட்டவங்களோ.

— இப்ப அவளுக்காகக் கவலப்படறியா?

— நான் எதுக்குக் கவலப்படறன்? ஒரு வேல பண்ணுங்க. நாளைக்குக் காலப் பூசைக்கு முந்தியே வியாகுலத்தண்ணன் வூட்டுக்குப் போங்க.

— எதுக்கு?

— கல்லப் புடுங்க வேணாம்னு சொல்லுங்க.

— அம்மா தாயே. இதுக்கா இவ்வளவு தூரம் கொடைய விரிச்சுக்கிட்டுச் சண்ட போட்டுக்கிட்டு வந்த? நான் அவ பக்கத்துலயே படுத்துக்கணும்ங்கறியா?

— உங்கள ஆரு படுக்கச் சொன்னா? கல்லு இருக்கற எடம் எனக்கு. அந்தாண்ட நெருஞ்சி மொளச்சுக் கெடக்குதே, அது உங்களுக்கு. அவ, அப்பறம் நானு, அப்பறம் நீங்க.

— செத்த பெறவும் எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வந்து படுக்கப் போறியா? அவ்வளவு சந்தேகமா என்மேல?

— சந்தேகமும்தான். இல்லன்னு சொல்ல மாட்டன்.

— புங்க மர நெழல்ல ஜம்முனு எடம் வாங்கித் தர்றன்னா, அவ பக்கத்துலயே போயிப் படுக்கணும்னு உனக்கு என்னா தலையெழுத்து?

— தெரசா வருமில்லீங்க. பெத்தவளுக்கு ஒண்ணு ஏத்திட்டு, அப்பனுக்கு ஒண்ணு ஏத்த வர்ற புள்ள, நடுவுல கெடக்கறவள மட்டும் இருட்டுல வுட்டுட்டுத் தாண்டியா போயிடும்?